பெண் ஏறக்கூடிய ஏணி

முழுத்தாளில் மூன்று பக்கம். இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டு, நீல மையில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் எழுதியிருந்தேன். தலைப்பின் கீழே அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடு. ‘வாசிகசாலைக்கு ஏணி தெரிவு செய்தல் பற்றிய அறிக்கை’. கிராமச் சபையில் லிகிதராகச் சேர்ந்து, பிறகு வேறு வேறு கந்தோர்களில் இருந்து இளைப்பாறும்வரை எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். கட்டாக்காலி மாடு, உடைந்த மதகு, சந்தைக் கொட்டிலின் கூரை, விசர்நாய்த் தொல்லை என்று நான் எழுதாத விஷயம் இல்லை. அவற்றில் ஒரு வரிகூட இன்று நினைவில் நிற்கவில்லை. இந்த மூன்று பக்கத்தை மட்டும் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பேன். என் கையெழுத்திலும் வசனத்திலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அந்தத் தலைக்கனத்தோடு எழுதிய கடைசி அறிக்கை அதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் சபைக் கந்தோர் முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத் தூரத்தில், ஒரு சின்னச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. கந்தோரை ஒட்டி ஒரு மண்டபம். அதுதான் வாசிகசாலை. நீளமான இரண்டு மேசை, நாலு வாங்கு, பேப்பர் தொங்கவிடும் கம்பி. காலையில் பஸ் வந்து பேப்பர் கட்டை எறிந்துவிட்டுப் போனதும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். பெண்கள் பின்னேரத்தில் வருவார்கள். வாசலில் நின்றபடியே கதைப்புத்தகம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘வாசிகசாலை அக்கா’. எனக்கும் அக்காதான். அவருடைய தகப்பன் வடமராட்சியிலிருந்து வந்து, முரசுமோட்டைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். காடு வெட்டி, வேர் பிடுங்கி, குடிசை போட்டு, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்து வளர்ந்த குடும்பம். ஏழு வயதிலேயே தகப்பனோடு காவல் பரணில் ஏறி, தகரம் தட்டிக் கிளி கலைத்ததாக அக்கா சொல்லுவார். தகப்பன் வண்டிலிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்த பிறகு, அந்த வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. தம்பியார் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் ஊரில் சின்னம்மா வீட்டில் தங்கி வேலைக்கு வந்து போனார். நியமனமோ தற்காலிக நியமனம். ஒரு கடிதத்தோடு வந்தது, ஒரு கடிதத்தோடு போய்விடும் என்று அவருக்கும் தெரியும், கடிதம் எழுதுகிற எனக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் இறாக்கைகள் வந்தன. எங்கள் சபைத் தலைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இருக்கிற வருத்தம் அவருக்கும் இருந்தது, ஒருவருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். வவுனியாவில் எங்கோ ஒரு பழைய களஞ்சியத்தைக் கழித்தபோது, அங்கே கிடந்த புத்தக இறாக்கைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அத்தனையும் முதிரை மரம். தட்டினால் கல்லில் தட்டின மாதிரிச் சத்தம். ஒவ்வொன்றும் பதினொரு அடி உயரம். களஞ்சியத்துக்கு என்று செய்ததை எங்கள் சின்ன மண்டபத்தில் நிறுத்தியபோது ஓட்டுக்கூரையின் வளையில் முட்டிக்கொண்டு நின்றது. தலைவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “யாழ்ப்பாணத்தில கூட இப்பிடி இல்லை” என்றார். அங்கே இல்லாததற்குக் காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மேல் இரண்டு தட்டுகளும் யாருக்கும் எட்டாது. அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இறாக்கையின் முன்னால் வாங்கை இழுத்துப் போட்டு, வாங்குக்கு முன்னால் மண்ணெண்ணெய்ப் போத்தல் வந்த பலகைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். பெட்டியில் ஒரு கால், வாங்கில் ஒரு கால். பிறகு நுனிக்காலில் எழும்பி அந்த இரண்டில் கீழே உள்ள தட்டைத் தொட்டுவிடுவார். அதற்கு மேலே உள்ளதை நிலம் கூட்டுகிற தும்புக்கட்டைத் தடியால் மெல்ல நெம்பி விழுத்தி ஒரு கையால் ஏந்துவார். நான் பார்த்தவரையில் ஒரு புத்தகமும் நிலத்தில் விழவில்லை. கேட்டவருக்குக் கேட்ட புத்தகம் கிடைத்தது. அப்படியே விட்டிருந்தால் ஏணியும் இல்லை, அறிக்கையும் இல்லை.

ஒரு நாள் இரண்டாம் வட்டார அங்கத்தவர் பேப்பர் பார்க்க வந்தவர், அக்கா வாங்கின்மேல் நுனிக்காலில் நிற்பதைக் கண்டார். அந்த மாதக் கூட்டத்தில் எழும்பினார். “பொம்பிளைப்பிள்ளை மேல ஏறி நிக்கிறா, கீழ பத்து ஆம்பிளையள் இருந்து பேப்பர் பாக்கினம். இது வாசிகசாலையோ, இல்லாட்டி வேற ஏதுமோ? ஒரு ஆம்பிளையைப் போட்டா இந்தக் கரைச்சல் இல்லை.” அந்த ஆம்பிளை யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தமக்கை மகன் பத்தாம் வகுப்புப் பாஸ்பண்ணிவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தார். தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “கிளாக்கர் ஒரு ஏணி பாக்கட்டும். பொம்பிளை ஏறக்கூடிய ஏணியாப் பாத்து எடுங்கோ. சபை வந்து பாக்கும். அவா அதில மரியாதையா ஏறி இறங்கினா அவா இருக்கட்டும். இல்லாட்டி ஆளை மாத்துறதைப்பற்றி யோசிப்பம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கூட்டக் குறிப்பில் அதை நல்ல தமிழில் எழுதிக்கொண்டேன்.

அக்காவின் வேலை ஒரு ஏணியில் தொங்குகிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. நன்றாகவே விளங்கியது. அவருக்கு உதவி செய்யவேண்டும் என்ற மனமும் இருந்தது. ஆனால் அந்த வயதில் எனக்கு உதவி என்றால் ஓடித்திரிந்து அளவெடுப்பது, அட்டவணை போடுவது. ஒரு மாதம் சைக்கிளை மிதித்தேன். முதலில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அங்கே தோரணம் கட்டுகிற மூங்கில் ஏணி இருந்தது. இலேசான சாமான், நல்ல உயரம். மணியகாரர் நான் யாருக்குக் கேட்கிறேன் என்று விசாரித்தார். சொன்னதும், “கோயில் ஏணி தம்பி, பொம்பிளையள் மிதிக்கக்கூடாது. கொடியேத்தத்துக்கு முன்னம் அதைக் கழுவித்தான் எடுக்கிறது” என்றார். வீதி வேலைப் பகுதியின் கொட்டிலில் இரட்டைக்கால் ஏணி ஒன்று இருந்தது. தார் பிடித்துக் கறுத்துப்போய், தூக்க மூன்று பேர் வேண்டும். அதையும் அளந்து எழுதிக்கொண்டேன்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு மாதா கோயிலில் விரித்து மடக்குகிற ஏணி இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கும் போனேன். போனபோது அந்தக் கோயிலைக் கூட்டித் துடைத்துப் பார்க்கிற அம்மா ஏணியின் உச்சியில் நின்று மாதாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். புருஷன் கடலுக்குப் போகிறவர். ஐம்பது வயதிருக்கும், பாரமான உடம்பு, கதவைத் திறந்து உள்ளே போகிற மாதிரி ஏறி இறங்கினார். நான் ஏணியைச் சுற்றிச்சுற்றி வந்து அளப்பதைப் பார்த்துவிட்டு, “ஆருக்குத் தம்பி ஏணி?” என்றார். வாசிகசாலை அக்காவுக்கு என்றேன், கதையையும் சொன்னேன். “அவாவிட்டக் கேட்டனீங்களோ, எப்பிடி ஏணி வேணுமெண்டு?” “அது சபை தீர்மானிக்கிற விஷயம் அம்மா.” அவர் சிரித்தார். “வாடியில கருவாடு காயப்போடுற பரணில நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஏறி இறங்குறம். ஏறுறவளுக்கெல்லோ தெரியும் படி எப்பிடி இருக்கவேணுமெண்டு. சபை ஏறப்போகுதே?” நல்ல நாக்கு இந்த மனுசிக்கு என்று நினைத்தபடி, ஏணியின் அகலத்தை எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அந்தக் கேள்வியை எழுதவில்லை. அறிக்கைக்கு அது தேவையில்லாத பகுதி என்று பட்டது.

ஏணி ஒன்றும் விலைக்குக் கிடைக்கவில்லை. செய்விப்பது என்று முடிவாயிற்று. முள்ளியவளையில் ஒரு தச்சர், வாய் பேசாமல் வேலை செய்கிறவர். மரத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். உயரம் கேட்டார். பிறகு, “ஆர் ஏறுறது?” என்றார். சொன்னேன். “அப்ப அவாவின்ர கால் எட்டு எவ்வளவு? ஒரு படிக்கும் மற்றப் படிக்கும் இடையில எவ்வளவு விடுறது?” எனக்குப் பதில் தெரியவில்லை. போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொல்லலாம். அரைமணி நேரச் சைக்கிள் ஓட்டம். ஆனால் கலியாணம் ஆகாத ஒருவன், கலியாணம் ஆகாத ஒரு பெண்ணிடம் போய், உங்கள் கால் எட்டு எவ்வளவு, ஒருக்கால் தூக்கிக் காட்டுங்கோ என்று கேட்பதா? அந்தக் காலத்தில், அந்த ஊரில், என் வாய் வெந்தாலும் வராது. கேட்காமலே அளக்க வழி இருந்தது. அவர் தினமும் கால் வைத்து ஏறுகிற பலகைப்பெட்டி என் கண் முன்னால்தான் கிடந்தது. அதை அளந்திருந்தாலே போதும். அதற்குக்கூடப் புத்தி போகவில்லை. தச்சர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கிடந்த மரக்குற்றியில் என் காலைத் தூக்கி வைத்தேன். “இவ்வளவு விடுங்கோ” என்றேன். அவர் முழக்கோலை வைத்துப் பார்த்தார். பதினெட்டு அங்குலம். “கொஞ்சம் கூடவெல்லோ?” என்றார். நான் ஊரில் எல்லோரிலும் நெடுவல். எனக்கு அது கூடவாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் தலைவருக்கும் ஒரு யோசனை வந்தது. ஏறுகிறவரின் கால் வெளியே தெரியாதபடி ஏணிக்குப் பலகை அடைக்கவேண்டும். எங்கே அடைப்பது என்று தச்சர் கேட்க, ஏணியின் பின்பக்கம் என்று தலைவர் சொல்லியனுப்பினார், நானும் அப்படியே போய்ச் சொன்னேன். ஏணி மாட்டுவண்டிலில் வந்து இறங்கியது. ஆறு பேர் பிடித்து இறாக்கையில் சாய்த்தோம். சாய்த்த பிறகுதான் எனக்கு விஷயம் ஓடி வெளித்தது. ஏணியின் பின்பக்கம் இறாக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பலகை மறைத்தது புத்தகங்களுக்கு. மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு மறைப்பும் இல்லை. போதாக்குறைக்கு, படியில் வைத்த கால்விரல் அந்தப் பலகையில் போய் முட்டியது. வாசகர்கள் அதற்குக் ‘கிளாக்கரின்ர தேர்’ என்று பெயர் வைத்தார்கள். தலைவர் அண்ணாந்து பார்த்து, “நல்ல உறுதி” என்றார். அவர் சொன்ன பிறகு யார் என்ன சொல்வது? எல்லோரும் கலைந்து போனதும் நான் ஒருதரம் ஏறிப் பார்த்தேன். எனக்கென்று செய்த மாதிரி இருந்தது. உண்மையில் எனக்கென்று செய்ததுதானே. உச்சிக்குப் போய்க் கூரை ஓட்டைத் தொட்டுவிட்டு, தூசி தட்டிக்கொண்டு, திருப்தியோடு இறங்கினேன்.

கூட்ட நாளன்று காலை, கந்தோருக்குள் போகும் முன் ஐந்து அங்கத்தவர்களும் தலைவரும் வாசிகசாலைக்கு வந்தார்கள். பேப்பர் வாசிக்க வந்தவர்களும் எழும்பிப் போகவில்லை. பேப்பரில் இதைவிட என்ன புதினம் இருக்கப்போகிறது? அக்கா அன்று வாழைப்பூ நிறத்தில் கைத்தறிச் சேலை கட்டியிருந்தார். இறுக்கி, ஒழுங்காக, பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் போகிற மாதிரி. தலைவர், “ஏறிக் காட்டுங்கோ பிள்ளை” என்றார். அக்கா ஏணியைக் கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தார். “ஐயா, எங்கட வயல் பரணுக்கு அப்பா செய்த ஏணி ஒண்டு வீட்டில கிடக்கு. காட்டுத்தடியில செய்தது. நாளைக்கு வண்டிலில எடுப்பிக்கலாம். அதில ஏறிக் காட்டட்டோ?” தலைவருக்கு முகம் சுருங்கியது. “முதிரை இறாக்கைக்குப் பக்கத்தில காட்டுத்தடியோ பிள்ளை? சபை செய்விச்ச ஏணி இது.”

அக்கா ஏறினார். முதலாவது படி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து இரண்டாவது படி. மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கியபோது சேலை முழங்காலில் இறுகிக்கொண்டது. ஒருதரம் முயன்றார், காலை இறக்கினார், மறுபடி முயன்றார். ஏறுவதென்றால் சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்தாகவேண்டும். பின்னால் ஆறு அதிகாரமும் பத்துப் பன்னிரண்டு பேப்பரும். எங்கோ ஒருவர் இருமினார். அக்காவின் பிடரியில் வேர்வை வழிவது எனக்குத் தெரிந்தது. மெல்ல இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பார்த்துத் திரும்பினார். “படிக்குப் படி வலு எட்டமா இருக்கு. ஆரின்ர அளவில செய்தது?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான். என்ர அளவில, பிழை என்னுடையது, ஒரு கிழமை தாருங்கோ, நடுவில் நடுவில் ஒவ்வொரு படி அடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பத்துச் சொல்லில் முடிகிற காரியம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் அல்ல. இந்த ஊரில் ஒரு ஏணிக்கு ஒழுங்காக அளவு கொடுக்கத் தெரியாத கிளாக்கர் என்று சிரிப்பார்களே, அந்த வெட்கம். அவ்வளவுதான். அவ்வளவு சின்ன ஒன்றுக்காக. இரண்டாம் வட்டார அங்கத்தவர், “பாத்தியளே, நான் சொன்னதுதானே” என்றார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு கந்தோருக்குள் போனார். அன்று பின்னேரம் அறிக்கையின் கடைசி வரியை எழுதினேன்: ‘பரீட்சித்துப் பார்த்ததில், மேற்படி ஏணி பெண் ஒருவர் ஏறுவதற்கு உகந்ததாகக் காணப்படவில்லை.’ அதில் ஒரு பொய்யும் இல்லை. அப்படி ஒரு பொய்யும் இல்லாமல் பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வந்தது.

அக்காவுக்குப் போன கடிதத்தை எழுதியதும் நான்தான். அவர் வந்து புத்தகப் பட்டியலையும் மண்டபத்தின் திறப்புக் கோர்வையையும் மேசையில் வைத்தார். மேல் தட்டுகளில் என்னென்ன புத்தகம், இடமிருந்து எத்தனையாவது என்று தனித் தாளில் எழுதி வைத்திருந்தார். “புதுசா வாறவருக்கு உதவும்” என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. படியிறங்கி வெயிலில் நடந்து போனார். அந்த வருடம் அவருடைய தம்பியார் படிப்பை விட்டுவிட்டு வயலுக்கு வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. வெட்கம் எனக்கு மெதுவாகத்தான் வந்தது.

புதிதாக வந்த மருமகன்காரர் சாதுவான பிள்ளை. வந்த கையோடு, ஆம்பிளைக்கு எதற்கு மறைப்பு என்று ஏணியின் பலகைகளைக் கழற்றுவித்தார். ஆனால் அவர் ஏணியில் ஏறியதை யாரும் காணவில்லை. ஒரு நாள் ஒரு வாசகர் மேல் தட்டுப் புத்தகம் ஒன்றுக்கு விடாப்பிடியாக நிற்க, ஏறத் தொடங்கினார். இரண்டாவது படியில் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளிறிவிட்டது. உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயமாம். மாமனிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அதற்குப் பிறகு மேல் தட்டில் உள்ள எதைக் கேட்டாலும், “அது வெளியில போட்டுது” என்று, யாரோ இரவல் கொண்டுபோய்விட்டதாகச் சொல்லிவிடுவார். வாசகர்களும் கேட்பதை விட்டார்கள். மேல் இரண்டு தட்டிலும் சிலந்தி வலை கட்டியது.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஆசிரிய கலாசாலைச் சோதனை எடுத்துப் பாஸ்பண்ணினார். மல்லாவிப் பக்கம் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து, அங்கேயே கலியாணம் செய்து, தலைமை ஆசிரியையாக இருந்து இளைப்பாறினார். பஸ்ஸில் ஓரிரு தரம் கண்டு சுகம் விசாரித்திருக்கிறோம். அந்தச் சபை இப்போது இல்லை. தலைவரும் இல்லை, முதிரை இறாக்கைகளும் இல்லை. நான் வவுனியாவில் மகனோடு இருக்கிறேன். இங்கே நான் போகிற நூலகத்தில் இறாக்கைகள் எல்லாம் இரும்பு. தோளுக்கு மேலே ஒரு தட்டும் கிடையாது. வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் பெண்கள். கேட்ட புத்தகத்தை இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி எடுத்துத் தருகிறார்கள். எவ்வளவு சுகமான ஏற்பாடு என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சனிக்கிழமை வந்துவிடும். நான் சொல்லி முடிக்கவேண்டியது அதைத்தான்.

அக்கா வேலையை விட்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, வாசகர் அட்டையோடு வந்தார். அவர் வரும்போது நான் கந்தோர் விறாந்தையில் நின்றேன், உள்ளே கதைப்பது கேட்டது. சோதனைக்குப் படிக்க இலங்கைச் சரித்திரப் புத்தகம் ஒன்று கேட்டார். மருமகன்காரர் வழக்கம்போல, “அது வெளியில போட்டுது அக்கா” என்றார். “போகேல்லைத் தம்பி. இஞ்ச நிண்டே தெரியுது. மேல் தட்டில, இடப்பக்கமிருந்து ஒன்பதாவது, பச்சை மட்டை.” எட்டிப் பார்த்தேன். மருமகன்காரர் ஏணியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்து முழுசிக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை. அக்காவுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். குரல் இரங்கிவிட்டது. “பறவாயில்லை. நீங்கள் இருங்கோ, நான் எடுக்கிறன்.”

வாசிகசாலையில் வேலை செய்கிற பெண் ஏணியில் ஏறுவதைப் பற்றித்தான் சபை கூடித் தீர்மானித்தது. புத்தகம் வாசிக்க வருகிற பெண் ஏறக்கூடாது என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. எல்லாக் குறிப்பையும் எழுதியவன் நான், எனக்குத் தெரியும். மண்டபத்தில் அன்றும் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டாம் வட்டார அங்கத்தவர். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகினார். பிறகு, நாற்று நடப் போகிற பெண்கள் செய்கிற மாதிரி, சேலையை முழங்கால்வரை இழுத்து உயர்த்தி, இறுக்கிச் செருகிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வருடம் வருடம் ஒவ்வொரு வயலிலும் வரம்பில் நின்று எல்லா ஆண்களும் பார்க்கிற கோலம்தான். அங்கே ஒருவரும் இருமுவதில்லை. இங்கே அங்கத்தவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அக்கா ஏறத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு படிக்கும் காலை நன்றாக உயர்த்தி வைக்கவேண்டியிருந்தது. பலகை கழன்று பாரம் குறைந்த ஏணி சீமெந்துத் தரையில் மெல்ல வழுக்குவதைக் கண்டதும் நான் ஓடிப்போய்க் கீழே இரண்டு கையாலும் பிடித்தேன். பிடித்தேனே தவிர, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மரியாதையாகச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படி நின்றபோதுதான் மூன்று மாதமாகத் தொண்டையில் கிடந்தது வந்தது. சுவரைப் பார்த்தே சொன்னேன். “அக்கா, அண்டைக்கு... இந்தப் படி என்ர அளவில செய்தது.”

மேலே காலடி நின்றது. “தெரியும்” என்றார். “ஏணி வந்த அண்டு நீங்கள் ஏறிப் பாத்ததை வாசலில நிண்டு கண்டனான்.”

அப்படியானால் அத்தனை பேர் முன்னிலையில் அவர் கேட்டது தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல. நான் வாய் திறக்க ஒரு இடம் விட்டுப் பார்த்திருக்கிறார். முகத்தை இன்னும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“கிளாக்கர்” என்றார் அக்கா, உச்சிப் படியிலிருந்து. “இஞ்ச பாருங்கோ. சுவரைப் பாத்துக்கொண்டு பிடிச்சியளெண்டா நான் விழுந்திடுவன்.”